பாலத்துக்கு இரண்டு காவல்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ மேசையில் வைத்துவிட்டுப் போன கட்டுரையைப் படித்து முடித்துவிட்டேன். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைக் காம்பராவில் விட்டுப்போகிற சின்னதுகள் எல்லாம் மத்தியானம் தூங்குமே, அந்த நேரத்தில்தான் படித்தேன். ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு, மறு கையில் உன் தாள்களைப் பிடித்துக்கொண்டு. இதை எழுதித்தான் வெளிநாட்டில் மேலே படிக்க உனக்கு இடம் கிடைத்தது என்று சொன்னாய். பெற்றவளுக்குப் பெருமையாக இருக்காதா? ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர் பிள்ளை, அரசுகள் போர் உத்தியை எப்படித் தேர்ந்தெடுக்கின்றன என்று எழுதி அதை வெள்ளைக்காரன் இங்கிலீஷில் மாற்றிப் படிக்கிறான் என்றால் சும்மாவா? நான் ஓ.எல். பரீட்சை வரைக்கும்தான் படித்தவள், ஆனாலும் உன் தமிழ் எனக்குப் புரிந்தது. நிலம் எப்படி, படை எவ்வளவு, எதிரி எங்கே இருக்கிறான், கையில் என்ன இருக்கிறது, மக்கள் எவ்வளவு தாங்குவார்கள், எல்லாவற்றையும் எடை போட்டு ஒரு நாடு தன் வழியைத் தேர்ந்தெடுக்கிறது என்று எழுதியிருக்கிறாய். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய்.

பாதியைத் தாண்டியதும் அந்த இரண்டு வரி வந்தது. வடக்கில் முழுப் படையையும் இறக்குவதற்காகத் தெற்கில் ஊர்மக்களிடம் சுடத் துவக்குக் கொடுத்துக் காவலுக்கு வைத்தார்கள், அதில் ‘சில உயிரிழப்புகள் தவிர்க்க முடியாதவையாக இருந்தன’ என்று ஒரு வரி. ‘சப்ரகமுவ ரப்பர் தோட்டமொன்றில் தொழிலாளி ஒருவர் இறந்தது இதற்கு உதாரணம்’ என்று அடுத்த வரி. தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. பிள்ளை முழித்துக்கொண்டு வீறிட்டு அழுகிறது, எனக்குக் காதில் விழவில்லை. டேய், அந்தத் தொழிலாளி ஒருவர் உனக்குக் காய்ச்சல் வந்தபோது உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு தெஹியோவிட்ட டவுன் வரைக்கும் மழையில் நடந்தவர்டா. உன் அப்பாடா அவர்.

அந்தச் சொல்லை நீ அடித்துவிட வேண்டும், தம்பி. ‘தவிர்க்க முடியாதவை’ என்ற சொல்லை. அதைக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். நீ விமானம் ஏறுகிற வரைக்கும் இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது, அதற்குள் அடித்துவிடு. ஏன் அடிக்கச் சொல்கிறேன் என்றும் சொல்கிறேன், கேள். நீ அப்போது கொழும்பில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். சாவுக்கு வந்தாய், காரியம் முடிந்ததும் போய்விட்டாய். யாரோ தவறுதலாகச் சுட்டுவிட்டார்கள் என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். அது எங்கே தொடங்கியது என்று உன்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பரீட்சை எழுதுகிற பிள்ளையிடம் எதைச் சொல்வது என்று இருந்துவிட்டேன்.

அது தோட்டத்து ஆபீஸ் மேசையில் தொடங்கியது. அந்தக் காலத்தில் எங்கே பார்த்தாலும் பஸ்ஸில் குண்டு, ரயிலில் குண்டு என்று பேச்சு. அவிசாவளை பஸ்ஸில் ஏறினால் நம் முகத்தையும் நம் கையில் இருக்கிற பையையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். இங்கே இருந்த ஆர்மிக்காரர்களை எல்லாம் வடக்குக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அப்படியானால் இங்கே இருக்கிற பாலத்துக்கும் கரண்டுக் கோபுரத்துக்கும் யார் காவல்? அதைப் பேசத்தான் பொலிஸ் அதிகாரி ஒருவர் தோட்டத்துக்கு வந்தார். தோட்டத்தை நடத்துகிற தொரை இருந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து பள்ளிக்கூட அதிபர் வந்திருந்தார். நம் பக்கத்துக்கு, பால்வெட்டுக் கங்காணி என்று உன் அப்பாவையும், மாதர் சங்கத் தலைவி என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எல்லோரும் சிங்களத்தில்தான் பேசினோம்.

அந்த அதிகாரி கெட்டவர் இல்லை, தம்பி. அதை நீ நன்றாகக் கேட்டுக்கொள். கொம்பும் வாலும் வைத்துக்கொண்டு வரவில்லை. நான் கொண்டுபோன தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, “அம்மா போட்ட பிளேன்டீ மாதிரி இருக்கு” என்று சொன்னார். உன்னைப் பற்றி விசாரித்தார். கொழும்பில் படிக்கிறான் என்றதும், “படிக்க வையுங்க, படிச்சாத்தான் இதெல்லாம் முடியும்” என்றார். அவர் மகளுக்கும் உன் வயதாம்.

அதிபர்தான் முதலில் யோசனை சொன்னார். வயதானவர், பொறுமையான மனிதர். “ஒவ்வொரு காவல் முறைக்கும் எங்க ஊர்ல ஒருத்தர், தோட்டத்துல ஒருத்தர், ரெண்டு பேரையும் ஒரே கொட்டில்ல வைப்போம். எங்க ஆளுக்குத் தோட்டத்து ஆளுங்கள அவ்வளவா அடையாளம் தெரியாது. தோட்டத்து ஆளுக்குத் தெரியும்” என்றார். தொரை தலையை ஆட்டினார். அதிகாரி பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே இருந்தார்.

“துவக்கு ஒண்ணு காணாமப் போனா நான் எந்த முகத்தோட மேல போய் நிக்கிறது?” என்றார்.

உன் அப்பா எழுந்து நின்றார். பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்து பேசிப் பழக்கம் இல்லையே அவருக்கு. “துவக்கு எங்களுக்கு வேணாம் மாத்தயா. அவங்களே வச்சுக்கட்டும். பக்கத்துல எங்க ஆள் ஒருத்தர் சும்மா உக்காந்திருந்தாப் போதும். வர்றது யாருன்னு சொல்லத்தானே?” என்றார்.

அதிகாரி பேனாவைத் தட்டுவதை நிறுத்தினார். கோபப்படவில்லை. “கங்காணி, நீ சொல்றது எனக்கு விளங்குது. ஆனா நாளைக்கு ஏதாவது ஒண்ணு நடந்தா, தமிழாள் குண்டு வைப்பான்னு காவல் போட்டுட்டு, தமிழாளையே பக்கத்துல உக்கார வச்சேன்னு நான் மேல எழுத முடியுமா? என் தொப்பியக் கழட்டிருவாங்க” என்றார். அப்புறம் தாளில் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு அந்தப் பக்கம் கிராமத்துக் காவல், கொட்டிலும் துவக்கும் அவர்களுக்கு. இந்தப் பக்கம் தோட்டத்துக் காவல், கம்பும் டோர்ச்சும் நமக்கு. ஒரே பாலத்துக்கு இரண்டு காவல். அவ்வளவுதான். கோப்பையில் இருந்த தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

உன் கட்டுரையில் இருக்கிற நிலம், படை, எதிரி எல்லாம் அந்த மேசையிலும் இருந்தன. இல்லை என்று நான் சொல்லவில்லை. கொழும்பில் பெரிய மேசையில் என்ன பேசினார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அங்கே நீ எழுதியிருப்பது போலவே எடை போட்டிருக்கலாம். ஆனால் இந்தச் சின்ன மேசையில் நான் கண்ணால் பார்த்தது வேறு. எந்த வழி நல்லது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதிபர் சொன்னது நல்லது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. எந்த வழியில் போய்த் தவறு நடந்தால் தன்னை யாரும் கேள்வி கேட்க மாட்டார்களோ, அந்த வழியை எடுத்தார். தமிழாள் தவறு செய்தால் அவர் பதில் சொல்ல வேண்டும். தமிழாள் செத்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை. இதை அவர் மனதுக்குள் இப்படி வார்த்தை வார்த்தையாகச் சொல்லிப் பார்த்திருக்க மாட்டார், பாவம்.

நீ சின்னவனாக இருந்தபோது ரப்பர்க் காட்டில் சண்டை விளையாடுவாய், ஞாபகம் இருக்கிறதா? ரப்பர்க் கொட்டைதான் குண்டு. நீதான் எப்போதும் தளபதி. கடைசி லயத்து வீட்டில் இருக்கிற மாரியின் மகனையே முதலில் முன்னால் அனுப்புவாய், அவனும் ஓடிப்போய் அடி வாங்கிக்கொண்டு வருவான். ஒருநாள் அவன் நெற்றி வீங்கிப்போய் வந்தபோது உன் அப்பா உன்னைக் கூப்பிட்டு, “ஏண்டா எப்பவும் அவனையே அனுப்புற?” என்று கேட்டார். “அவனுக்கு அண்ணன் இல்லப்பா, யாரும் கேக்க வரமாட்டாங்க” என்று சொன்னாய். அப்பா உன்னை அடிக்கவில்லை. அன்றைக்குச் சாயந்தரம் உன்னை இழுத்துக்கொண்டு மாரி வீட்டுக்குப் போனார்.

காவல் தொடங்கிய புதிதில் கேலிக்கூத்தாகத்தான் இருந்தது. பாலத்துக்கு அந்தக் கரையில் அவர்கள், இந்தக் கரையில் நம் ஆட்கள். விடியப்போகிற நேரத்தில் வெற்றிலை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும், பீடி அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வரும். “எங்கருந்து எவன் வரப்போறான்னு இப்படி ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்கிறோமோ தெரியல” என்று உன் அப்பா வீட்டுக்கு வந்து சிரிப்பார். அந்தக் கரைக் காவலில் பியசேன என்று ஒருவன் இருந்தான். அவனுக்கும் ஆற்றோரத்தில் கொஞ்சம் ரப்பர் மரம் உண்டு. பால் உறைய வைக்கிற அசிட் தீர்ந்துவிட்டால் நம் வீட்டுக்கு வந்து வாங்கிப்போவான். உன் அப்பாவை ‘ஐயே’ என்றுதான் கூப்பிடுவான், அவர்கள் பாஷையில் அண்ணன் என்று. வந்தால் வாசலிலேயே உட்கார்ந்து அரை மணி நேரம் மரத்தைப் பற்றியே பேசுவான்.

அது நடந்த அன்றைக்கு ராத்திரி நல்ல மழை. மழையென்றால் நம் ஊர் மழை தெரியுமே. நம் காவலில் நின்ற இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள், கம்பைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் நிற்பார்கள்? அந்தக் கரையில் கொட்டில் இருந்ததால் அவர்கள் இருந்தார்கள். நடுச்சாமத்தில் மழை விட்டது, அப்புறம் நல்ல காற்று. மழை பெய்த மரத்தில் பால் வெட்டினால் பட்டையில் தண்ணீர் இறங்கிப் பால் எல்லாம் வழிந்து வீணாகப் போய்விடும். கிராமத்தில் சொந்த மரம் வைத்திருப்பவர்கள் இரவில் மழை பெய்தால் அன்றைக்குப் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள். தோட்டத்தில் அப்படி விட முடியாது. பட்டை காய்ந்திருக்கிறதா என்று கங்காணி முதலில் போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும். காய்ந்திருந்தால்தான் மற்ற ஆட்களை வெட்டுக்குக் கூப்பிடுவார். விடிவதற்கு முன்னால் உன் அப்பா நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தனியாக இறங்கினார். “தண்ணிய அடுப்புல வைய்யி புள்ள, பாத்துட்டு ஓடியாந்துர்றேன்” என்றார்.

ஒவ்வொரு மரமாகப் போய்க் கையை வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டு பாலத்துப் பக்கம் இறங்கியிருக்கிறார். பியசேன அந்தக் கரையிலிருந்து பார்க்கிறான். மழை பெய்த நாளில் ஒரு மனிதனும் ரப்பர்க் காட்டுக்குள் போகமாட்டான் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். ரப்பர் தெரியாத ஒருவன் என்றால், யாரோ வேலைக்குப் போகிறார்கள் என்று சும்மா இருந்திருப்பான். இவனுக்குத் தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று. மரத்துக்கு மரம் நின்று எதையோ வைக்கிறான் என்று நினைத்திருக்கிறான். “யாரது?” என்று கத்தினானாம். ஆறு பெருகி ஓடுகிற சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? உன் அப்பா தற்செயலாகத் திரும்பியிருக்கிறார். நெற்றி லைட் நேராக அவன் கண்ணில் அடித்திருக்கிறது. சுட்டுவிட்டான்.

அடுப்பில் தண்ணீர் கொதிக்கவில்லை இன்னும். சத்தம் கேட்டு நான் ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் பியசேன பாலத்தைத் தாண்டி வந்து அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறி வருகிறான். “ஐயே, ஐயே” என்று வாய் ஓயாமல் கத்துகிறான், அவன் சட்டையெல்லாம் இரத்தம். தொரை வண்டியில் போட்டுக்கொண்டு போனோம். தலை என் மடியில். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, “பட்டை காஞ்சிருச்சு புள்ள, ஆளுங்கள எறங்கச் சொல்லு” என்றார். அவிசாவளை ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னாலேயே உயிர் போய்விட்டது. ஐயோ, என்னைப் பற்றியோ உன்னைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லாமல் மரத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனாரே என்று எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

விசாரணையில் தவறுதலாக நடந்தது என்று எழுதிக்கொண்டார்கள். பியசேன தவறித்தான் சுட்டான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவன் மேல் எனக்குக் கோபம் இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் உன்னிடம் நான் சொல்ல வந்தது அவனைப் பற்றி அல்ல. காரியம் முடிந்து நீ கொழும்புக்குப் போன அந்த வாரமே அதே அதிகாரி மறுபடியும் வந்தார். அதே ஆபீஸ். இந்தத் தடவை உட்காரவேயில்லை. கிராமத்து ஆள் ஒருவர், தோட்டத்து ஆள் ஒருவர், இரண்டு பேரும் ஒரே கொட்டிலில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதிபர் சொன்ன அதே ஏற்பாடு, உன் அப்பா எழுந்து நின்று கேட்ட அதே ஏற்பாடு. துவக்கு ஒன்றும் காணாமல் போகவில்லை, யார் தொப்பியும் கழன்று விழவில்லை. போன மாதம் யுத்தம் முடிந்தது என்று தெஹியோவிட்டையில் வெடி கொளுத்திப் பாற்சோறு கொடுத்தார்களே, அதுவரைக்கும் அந்தக் கொட்டிலில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் இருந்தார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் விழவில்லை.

அப்புறம் எதைத் தவிர்க்க முடியாது என்கிறாய்? சாவுக்கு அப்புறம் ஒரு நாளில் செய்ய முடிந்ததைச் சாவுக்கு முன்னால் செய்திருக்க முடியாதா? நீ படித்தவன், எனக்குப் பதில் சொல். ஒரு உயிர் போன பிறகு அந்த அதிகாரி மேலே எழுதுவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. அந்தக் காரணம்தான் உன் அப்பா. இதை நீ எழுத வேண்டாம், எழுது என்று நான் கேட்கவும் இல்லை. அந்த ஒரு சொல்லை எடுத்துவிடு என்றுதான் கேட்கிறேன்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு இருந்தால் நெஞ்சு வெடித்துவிடும். அந்தத் தொழிலாளி உன் அப்பா என்று உனக்கு இடம் கொடுத்தவர்களிடம் சொன்னாயா? கட்டுரையில் இல்லை, நான் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். நேரிலும் சொல்லியிருக்க மாட்டாய். சொன்னால், இவன் ஒருபக்கமாக எழுதுகிறான் என்பார்கள், இடம் கிடைக்காமல் போய்விடும் என்று பயந்திருப்பாய். யாரும் கேள்வி கேட்காத வழியை நீயும் எடுத்துக்கொண்டாய், இல்லையா? நாளைக்கு நீயும் ஒரு மேசைக்கு முன்னால் உட்காரத்தான் போகிறாய் தம்பி. அங்கே எவனாவது எழுந்து நின்று பேசினால், அவனை உட்காரச் சொல்லிவிட்டுக் கேள். அப்பா நின்றுகொண்டேதான் பேசினார், உட்கார் என்று ஒருவரும் சொல்லவில்லை.

இதுவரைக்கும் எழுதியது செவ்வாய்க்கிழமை. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. நேற்றுச் சாயந்தரம் இரண்டு பேர் லயத்துக்கு வந்தார்கள். சாதாரணக் காற்சட்டை சட்டைதான், ஆனால் பேச்சிலேயே சி.ஐ.டி. ஆட்கள் என்று தெரிந்துவிட்டது. மரியாதையாகத்தான் பேசினார்கள். நீ எந்த நாட்டுக்குப் போகிறாய், என்றைக்குப் போகிறாய், அங்கே என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டார்கள். யுத்தம்தான் முடிந்துவிட்டதே, இன்னும் எதற்கு வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். “படிப்புத்தான் மாத்தயா, எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்?” என்று சிரித்தேன். கட்டுரை அரிசிப் பானைக்குள் இருந்தது.

போகிற நேரத்தில் அதில் ஒருவன், சின்னப் பையன்தான், சுவரில் இருந்த அப்பா படத்தைப் பார்த்தான். “இவர்தானே பாலத்துல செத்தவர்? மகனுக்கு அதுல மனசுல கோவம் ஏதும் இருக்கா அம்மா?” என்று கேட்டான். கேட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இல்ல மாத்தயா. அது யாராலயும் தவிர்க்க முடியாமப் போனது. மகனே அப்படித்தான் சொல்லுவான்” என்றேன். சிங்களத்தில், நல்ல தெளிவாகச் சொன்னேன். என் வாயால் சொன்னேன், அவர் படத்துக்கு முன்னாலேயே நின்று சொன்னேன். அவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள்.

இதைத் தபாலில் போடவில்லை. கொழும்புக்கு வேலைக்குப் போகிற மாரி மகன் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்து அடுப்பில் போடு. அந்தச் சொல்லை இப்போது அடிக்காதே ராசா. கட்டுரையில் ஒரு எழுத்தையும் தொடாதே. யார் கேட்டாலும் அதையே காட்டு. விமானம் ஏறி, அங்கே போய் இறங்கி, உன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு அடி. அதுவரைக்கும் உன் அப்பா தவிர்க்க முடியாமல் செத்தவராகவே இருக்கட்டும்.

அம்மா